ஒரு நாவலில் இருக்கும் இனவெறியை எப்படிக் கண்டுகொள்வது?

கேள்வி இது: பழைய நாவல்கள் பலவற்றில் இனவெறி இருக்கிறது என்கிறார்கள். ஒரு நூல் இனவெறியை எடுத்துக்காட்டுகிறதா, தானே அதைச் சுமக்கிறதா என்று எப்படிப் பிரித்தறிவது? புண்படுத்தும் சொற்களை நீக்கிவிட்டு அச்சிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் எழுதிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி' அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் மிகவும் கொண்டாடப்பட்ட நூல்களில் ஒன்று. வெள்ளையர் குடும்பம் ஒன்று மேற்கே புல்வெளிக்குக் குடிபெயரும் கதை. அதன் தொடக்கப் பக்கங்களில் அந்த நிலத்தை வர்ணிக்கும் இடத்தில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டும்தான் வாழ்ந்தார்கள் என்று வந்தது. இங்கே இந்தியர்கள் என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளை. ஆண்டுக்கணக்கில் அந்த வரி அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிச் சுட்டிக்காட்டிய பிறகுதான், 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாற்றப்பட்டது.

அந்த வரியில் ஓர் இழிசொல்கூட இல்லை. வசையில்லை, கோபமில்லை. ஒரு குழந்தைக்கு இரவில் வாசித்துக் காட்டத்தக்க மென்மையான நடை. ஆனால் யார் மனிதக் கணக்கில் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை அது தீர்மானித்துவிட்டது. சொல்லை மாற்றிய பிறகும் கதையின் அடித்தளம் மாறவில்லை. அந்தக் குடும்பம் வீடு கட்டிய இடம் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். புதியவர்கள் வந்து உழுவதற்காகக் காத்துக்கிடக்கும் வெற்றிடமாகவே அதைக் கதை பார்க்கிறது.

ஆகவே சொல்லை நீக்கினால் இழிவு நீங்கிவிடாது. இழிவு குடியிருப்பது பெரும்பாலும் வாக்கியத்தின் அமைப்பில்: யார் எழுவாய், யாருக்குப் பெயர் உண்டு, யாருக்குப் பேச்சு உண்டு, யாருடைய சாவு எண்ணிக்கையில் சேரும் என்பதில்.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு வரி. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884இல் வந்தது. அதன் 32ஆம் அத்தியாயத்தில், கதையைச் சொல்லும் சிறுவன் ஹக் ஒரு நீராவிப் படகு விபத்தைப் பற்றிப் பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான் (அவன் பயன்படுத்துவது இழிசொல்லைத்தான்). நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கே அடிபட்டுவிடும் என்று அவள் பெருமூச்சு விடுகிறாள்.

இரண்டு வரிகளும் சொல்வது ஒன்றே: அவர்கள் மனிதர்கள் இல்லை. முதல் நூலில் அதைச் சொல்வது கதைசொல்லும் குரல். அந்தக் குரலுக்கு எதிராக நூலில் எதுவும் எழுந்து நிற்கவில்லை. இரண்டாவது நூலில் அதைச் சொல்வது பாத்திரம். அதுவும் அன்பான, விருந்தோம்பலுள்ள, கடவுள் பக்தியுள்ள ஒரு பெண். இதற்கு முந்தைய அத்தியாயத்தில்தான் ஹக், தப்பியோடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டு, நரகத்துக்குப் போனாலும் சரி என்று முடிவெடுத்திருக்கிறான். அந்த முடிவைப் படித்துவிட்டு வரும் வாசகருக்குச் சாலி அத்தையின் பெருமூச்சு முகத்தில் அறைகிறது. நல்ல மனிதர்கள் எப்படி இவ்வளவு இயல்பாக ஒரு சாவைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள் என்று நூல் காட்டுகிறது. பாத்திரம் சொல்வதற்கும் நூல் நம்புவதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும்.

தேடும் முறை இப்படி. புண்படுத்தும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்வது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்: ஆசிரியரின் கதைசொல்லும் குரலா, ஒரு பாத்திரமா, அல்லது கதையையே சொல்லும் பாத்திரமா. பிறகு அந்த வரிக்கு முன்னும் பின்னும் ஓர் அத்தியாயம் படித்து, அந்தக் கருத்தை மறுக்கும் நிகழ்ச்சியோ பேச்சோ விளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நூல் அந்தக் கருத்தை விசாரிக்கிறது. எதுவுமே இல்லாமல் கதை நழுவிப் போனால், அது கருத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. வைல்டரின் நூலிலேயே பூர்வகுடிகளைப் பற்றிய கொடூரமான பழமொழி ஒன்றை அண்டைவீட்டுப் பெண் சொல்கிறாள். கதைநாயகியான சிறுமி லாராவின் தந்தை அதை ஏற்பதில்லை. ஆக ஒரே நூலில் ஓர் இடத்தில் மறுப்பு இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. முழு நூலுக்கும் ஒரே முத்திரை குத்த அவசரப்பட வேண்டாம்.

ஹக்கிள்பெரி ஃபின்னுக்கும் இது பொருந்தும். கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஜிம்மின் விடுதலையை ஒரு விளையாட்டாக்கி விடுகிறான். ஜிம்மின் எஜமானி தன் உயிலில் அவரை ஏற்கெனவே விடுவித்துவிட்டாள் என்று தெரிந்திருந்தும் நாட்கணக்கில் அடைத்து வைத்து வேடிக்கை காட்டுகிறான். அதுவரை தன் மகளை எண்ணி அழுத, தெப்பத்தில் ஹக்கை மகனைப்போல் காத்த ஜிம், அந்தப் பக்கங்களில் பொம்மையாகிறார். இது ட்வைனின் எள்ளலா, சறுக்கலா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. என் கணிப்பில் சறுக்கல்தான். இழிசொல்லைவிட இந்தப் பத்துப் பதினைந்து அத்தியாயங்கள்தான் அந்த நாவலின் உண்மையான சிக்கல்.

இழிசொல்லை நீக்கிய பதிப்பும் வந்தது. 2011இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, 200 தடவைக்கு மேல் வரும் அந்தச் சொல்லை 'அடிமை' என்று மாற்றி வெளியிட்டது. வகுப்பறையில் ஒரு கறுப்பின மாணவர் அந்தச் சொல்லை அத்தனை முறை கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்ற அக்கறை அதில் உண்டு. அந்த அக்கறையை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். ஆனால் மாற்றம் பொருளைக் கெடுக்கிறது. 'அடிமை' சட்டம் தந்த நிலை. இழிசொல், சட்டம் மாறினாலும் மாறாத வெறுப்பு. ஆறாவது அத்தியாயத்தில் ஹக்கின் குடிகாரத் தந்தை, ஒஹாயோவிலிருந்து வந்த கறுப்பினப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிக் கொதிக்கிறான். அந்தப் பேராசிரியர் சுதந்திர மனிதர். பல மொழிகள் அறிந்தவர். தன் மாநிலத்தில் வாக்குரிமை உள்ளவர். குடிகாரனின் ஆத்திரத்துக்குக் காரணமே அவர் அடிமை இல்லை என்பதுதான். அங்கே இரண்டு சொற்களையும் ஒன்றாக்கினால் அந்தப் பகுதியே இறந்துவிடும்.

அடுத்தது முத்திரைச் சோதனை. இதற்குச் சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. 1837 முதல் 1839 வரை தொடராக வந்த நாவல். சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகின், முதல் 38 அத்தியாயங்களில் மட்டும் 250 தடவைக்கு மேல் 'அந்த யூதன்' என்றே அழைக்கப்படுகிறான். அதே நாவலில் பில் சைக்ஸ் கொலைகாரன். அவனை யாரும் 'அந்தக் கிறிஸ்தவன்' என்று சொல்வதில்லை. ஒருவனுடைய குற்றம் அவனோடு நிற்கிறது. மற்றவனுடையது அவன் இனத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

1863இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸின் பழைய வீட்டை வாங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவர். டிக்கன்ஸ் முதலில் தன்னை நியாயப்படுத்திக்கொண்டார்: கதை நடக்கும் காலத்தில் அத்தகைய குற்றவாளிகள் பெரும்பாலும் யூதர்களே, மற்றக் கெட்டவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே என்றார். ஆனால் கடிதம் அவரை விடவில்லை. 1867 பதிப்பு அச்சாகிக்கொண்டிருந்தபோது அச்சை நிறுத்தி, இன்னும் எழுத்துக் கோக்கப்படாத பகுதிகளில் 'அந்த யூதன்' என்பதைப் பெரும்பாலும் 'ஃபேகின்' என்றோ 'அவன்' என்றோ மாற்றினார். அதனால்தான் 38ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு அந்த முத்திரை ஏறக்குறைய மறைந்துபோகிறது. நாவல் கையிலிருந்தால் 26ஆம் அத்தியாயத்தையும் 45ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரே பாத்திரம், ஒரே தீமை. ஆனால் முத்திரை போனதும் ஒரு தனி மனிதனின் தீமையாக அது சுருங்குவது தெரியும்.

இதற்கிடையில் 1864இல் தொடங்கிய அடுத்த நாவலில் ரையா என்ற நல்ல யூத முதியவரைப் படைத்தார். பரிகாரம்தான். ஆனால் ரையா அளவுக்கு மீறி நல்லவர். குறையே இல்லாததால் உயிரும் குறைவு. இதுவும் கவனிக்க வேண்டிய பிழை. கெட்ட வார்ப்புக்கு மாற்று நல்ல வார்ப்பு ஆகாது. கோபப்படவும், தவறு செய்யவும், சலிப்படையவும் இடமுள்ள பாத்திரமே மனிதப் பாத்திரம். தியாகம் செய்வதற்கு மட்டுமே வரும் அடிமை, வெள்ளைக் கதாநாயகனுக்கு ஞானம் சொல்லிவிட்டு மறையும் முதியவர், இவர்களெல்லாம் ரையாவின் உறவினர்கள்.

மூன்றாவது பேச்சுச் சோதனை. 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை இதற்கு அடிப்படை. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' குறுநாவலை எடுத்துக்கொண்டு, அதில் ஆப்பிரிக்கர்கள் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று பார்த்தார். இரண்டே இடங்கள். ஒன்றில் எதிரிகளைப் பிடித்துத் தாருங்கள், தின்கிறோம் என்ற ஒடிந்த ஆங்கிலம். மற்றதில், கதையின் மையத்திலுள்ள வெள்ளைத் தந்த வணிகர் கர்ட்ஸ் செத்துவிட்டார் என்ற அறிவிப்பு. மற்ற இடங்களிலெல்லாம் அவர்கள் கூச்சல், முனகல், அசையும் கைகால்கள், உருளும் கண்கள். கர்ட்ஸின் ஆப்பிரிக்கக் காதலிக்கு ஒரு சொல்கூட இல்லை. ஐரோப்பாவில் காத்திருக்கும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குப் பக்கம் பக்கமாகப் பேச்சு.

இதைக் கேட்டதும் பலர் எதிர்ப்பது வழக்கம். கான்ராட் காலனியக் கொள்ளையை எதிர்த்துத்தானே எழுதினார் என்பார்கள். உண்மைதான். 1890இல் அவர் காங்கோவில் பயணம் செய்தார். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் நடந்த கொடுமையின் மீதான அருவருப்பு நூலெங்கும் இருக்கிறது. அச்சிபி சொன்னதும் உண்மை. கொள்ளையை வெறுத்த ஒருவரால் கொள்ளையடிக்கப்பட்டவர்களை முழு மனிதர்களாகப் பார்க்க முடியாமல் போகலாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படித்தால் அந்த நூல் விளங்கும். ஒன்றை விட்டால் பாதிதான் படித்ததாகும்.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்ற சமாதானத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கான்ராட் காங்கோ நதியில் பயணம் செய்த அதே 1890இல், ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க வரலாற்றாசிரியர் அதே நதியில் பயணம் செய்து, லியோபோல்டுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். காங்கோ மக்களை ஒப்பந்தங்களில் ஏமாற்றப்பட்டவர்களாக, உரிமையுள்ளவர்களாக அவர் பேசினார். அதே ஆண்டு, அதே நதி. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸின் தன்வரலாறு அதற்கும் முன்பே, 1845இல் வந்துவிட்டது. 'எல்லோரும்' என்று சொல்லும்போது பாதிக்கப்பட்டவர்களையும், அவர்களுக்காகப் பேசியவர்களையும் அந்த 'எல்லோரிலும்' சேர்க்க மறந்துவிடுகிறோம். அதுவும் வைல்டரின் வரி செய்த வேலையேதான்.

பேச்சை எண்ணியது போலவே வேறு சிலவற்றையும் ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு பென்சிலால் குறிக்கலாம். எந்தப் பாத்திரங்களை விலங்கோடு ஒப்பிடுகிறார்கள். யார் தனித்தனியாக வருகிறார்கள், யார் கும்பலாக, திரளாக, கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். யார் மனதில் நினைப்பது நமக்குச் சொல்லப்படுகிறது. இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம். வெளியிலிருந்து எவ்வளவு அன்பாக வர்ணித்தாலும், உள்ளே நுழைய ஆசிரியர் ஒருமுறைகூட முயலவில்லை என்றால் அந்தப் பாத்திரம் காட்சிப்பொருளே. 1960இல் ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' இனவெறியைக் கண்டிக்கும் நூல் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பொய்வழக்கில் சிக்கிய டாம் ராபின்சன் சிறையிலிருந்து கேட்கும் ஓரிரு சொற்களைத் தவிர, சாட்சிக் கூண்டில் நிற்கும்போது மட்டுமே பேசுகிறார். அவருக்காக வாதாடுபவரைப் பற்றித்தான் நாம் எல்லாம் அறிகிறோம்.

சிறுவர் கதைகளையும் படப் புத்தகங்களையும் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே மறைப்பதற்கு அதிகமில்லை. பெல்ஜியப் படக்கதை ஆசிரியர் ஹெர்ஜேயின் காங்கோ கதையில் அதன் நாயகன் டின்டின் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு 'உங்கள் நாடு பெல்ஜியம்' என்று பாடம் நடத்துவான். 1946 வண்ணப் பதிப்பில் அது கணக்குப் பாடமானது. சிறுவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த விதம் மாறவில்லை. ரோல்ட் டாலின் 1964 சாக்லேட் தொழிற்சாலைக் கதையில், தொழிற்சாலையில் வேலை செய்யும் குள்ளர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கண்டனத்துக்குப் பிறகு டாலே 1973 பதிப்பில் அவர்களை வெள்ளைத் தோலுடன் ஒரு கற்பனைத் தேசத்தவராக்கினார். கூலியாகக் கொக்கோ விதை வாங்கிக்கொண்டு வெளியே போகாமல் உழைப்பவர்கள் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. அமெரிக்கச் சிறுவர் நூலாசிரியர் டாக்டர் சூஸின் நூல்களை நிர்வகிக்கும் நிறுவனம் 2021இல் அவருடைய 6 நூல்களை அச்சிடுவதையே நிறுத்தியது. திருத்துவது, நிறுத்துவது, முன்னுரை சேர்ப்பது என்ற மூன்று வழிகளில், சிறு குழந்தைகள் தனியாகப் புரட்டும் படப் புத்தகத்துக்கு நிறுத்துவதே பொருத்தம் என்பேன். மூன்று வயதுக் குழந்தை முன்னுரை படிக்காது. பெரியவர்களுக்கான நாவலில் கை வைக்கக்கூடாது. தேதியிட்ட முன்னுரையும் குறிப்பும் போதும். எந்தத் திருத்தம் செய்தாலும் எங்கே, எப்போது, யார் செய்தது என்று உரிமைப் பக்கத்திலாவது அச்சிட வேண்டும். சொல்லாமல் திருத்துவதில் கெடுதி என்னவென்றால், சமூகம் அப்படி எழுதியது என்ற சான்றே அழிந்துபோகிறது.

நூலில் இருப்பது நூலோடு நிற்பதில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு 'ஜிம் க்ரோ' என்ற பெயரில் ஆடிப் பாடினார். அந்தக் கோமாளியின் பெயரே பிற்பாடு அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்களுக்குப் பெயரானது. 1905இல் வந்த ஒரு நாவலைத் தழுவி 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' திரைப்படம் வந்தது. அதே ஆண்டு, செத்துப்போயிருந்த கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி உயிர்பெற்றது. சிலுவையை எரிக்கும் சடங்கு முதல் க்ளானிடம் இருந்ததே இல்லை. நாவலாசிரியர் கற்பனை செய்தது. கதையிலிருந்து எடுத்து வாழ்க்கையில் கொளுத்தினார்கள்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். 1290இல் யூதர்கள் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1656இல்தான் மறுபடி அனுமதிக்கப்பட்டார்கள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக்கைப் பார்த்துச் சிரித்த 1590களின் லண்டன் பார்வையாளர்களில் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு யூதரோடும் பழகியிருக்க வழியில்லை. பழகாமலேயே வெறுக்கக் கதைகள் போதுமாக இருந்தன. 1943இல் நாஜி ஆட்சியிலிருந்த வியன்னாவில் அதே நாடகத்தை மேடையேற்றினார்கள். ஷைலாக் இனவெறிக் கேலிச்சித்திரமாக நடிக்கப்பட்டான்.

இல்லாமையும் கற்பிக்கும். நான்சி லாரிக் 1965இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் வெளியான 5,206 சிறுவர் நூல்களில் ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இருந்தவை 349 மட்டுமே. உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940களில் நடத்திய பொம்மைச் சோதனையை இதன் பக்கத்தில் வையுங்கள். நிறம் தவிர வேறு வேற்றுமை இல்லாத பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினார்கள். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதம் என்ற அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பு கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கை ஒன்றைக் குறிப்பிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகர நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் இருந்தால் ஏறக்குறைய 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பினப் பெயர் இருந்தால் 15க்கு ஒன்று. அந்த அலுவலகங்களில் யாரும் இழிசொல் பேசியிருக்க வேண்டியதில்லை.

தமிழில் மொழிபெயர்ப்பவர்கள், மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எஜமானுக்கும் அடிமைக்கும் ஒரே படர்க்கைச் சொல்தான். தமிழில் 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா என்று ஒவ்வொரு வரியிலும் தேர்ந்தாக வேண்டும். எஜமானை 'வந்தார்' என்றும், அவரைவிட மூத்த அடிமையை 'வந்தான்' என்றும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டால், மூலத்தில் கதைசொல்லி செய்யாத இழிவை மொழிபெயர்ப்பு சேர்த்துவிடுகிறது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் எப்படி விளிக்கிறார்கள் என்பது வேறு. அங்கே அந்தச் சமூகத்தின் படிநிலை தெரியத்தான் வேண்டும். கதைசொல்லியின் வாக்கியங்களில் மட்டும் வயதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: பெரியவர் எல்லோருக்கும் 'அவர்', சிறுவருக்கு 'அவன்'. கதைசொல்லியே இனவெறி கொண்ட பாத்திரமாக இருந்தால் விதிவிலக்கு. ஹக் கதை சொல்லும்போது ஜிம் தொடக்கத்தில் 'அவன்'தான். ஹக் அவரிடம் மன்னிப்புக் கேட்கும் 15ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு 'அவர்' என்று மாற்றலாமா என்பது மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய முடிவு. மாற்றினால் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ் வெளிப்படையாக்குகிறது. நான் மொழிபெயர்த்தால் மாற்றுவேன்; மாற்றியதை முன்னுரையில் சொல்லியும் விடுவேன்.

ஜிம்மின் கொச்சை ஆங்கிலத்துக்கு ஈடாக ஏதாவதொரு வட்டாரத்தின், ஏதாவதொரு சாதியின் பேச்சைக் கொண்டுவந்து ஒட்டுவது இன்னொரு தவறு. அங்குள்ள இழிவை அழிக்காமல் இங்குள்ள ஓர் இழிவையும் அதன்மேல் ஏற்றுவதாகிவிடும். வட்டார அடையாளம் இல்லாத, வாக்கியம் குட்டையான, எளிய பேச்சுத்தமிழ் போதும். ஹக்குக்கும் அதே அளவு பேச்சுத்தமிழைக் கொடுத்துவிடுங்கள். மூலத்தில் அவன் பேசுவதும் கொச்சைதான்.